வாசல் வைத்த லாரி

7

“அக்கா, லாரியில நாத்து வுட்டுகிறாங்க பாரு” என்றேன்.

கனகாக்கா சிரிக்கவில்லை. என் ஜோக்குகளுக்கு அவள் சிரிப்பது அபூர்வம். சிரித்தாலும் அது என் மேல் வைத்த பரிதாபம். ஆனால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரியின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் நின்றிருந்தது அந்த லாரி. தொட்டி இல்லாத மொட்டை லாரி. முன்னால் கேபின், பின்னால் வெறும் சேஸ் சட்டம், அதன் மேல் வரிசையாகக் கட்டை. பின்கோடிக் கட்டையின் இடுக்கில் பச்சைப் பசேலென்று ஒரு கொத்து முளை விட்டிருந்தது. ஒரு வாரமாக விடாமல் பெய்த மழைக்கு அது செழிப்பாகவே இருந்தது. போலீஸ் போட்டோ எடுத்திருந்தார்கள். பயிரையும் சேர்த்துத்தான் எடுத்திருந்தார்கள். அது ஏன் அங்கே முளைத்தது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

லாரியின் மேல் இருக்க வேண்டிய வீடு பக்கத்தில் தரையில் சாய்ந்து கிடந்தது. வீடு என்றால் வீடுதான். படுக்கை, அடுப்பு, குளியலறை, ஜன்னலுக்கு ஸ்கிரீன் எல்லாம் ஒரே பெட்டிக்குள். சாலவாக்கம் முத்துகிருஷ்ணனின் ஒரே மகள் இளமதிக்கு நாடு முழுக்கச் சுற்ற ஆசை. பெண்பிள்ளை கண்ட லாட்ஜில் தங்குவதாவது என்று அப்பா ஒரு யோசனை செய்தார். பெங்களூரில் ஒருத்தர் வேண்டாம் என்று ஒதுக்கிய பெட்டியை வாங்கி வந்தார். முதலில் அதைப் பிக்கப் வண்டியில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். பாரம் தாங்காமல் வண்டி மூக்கை வானத்துக்குத் தூக்கிவிட்டது. அப்புறம்தான் நடுத்தர லாரி ஒன்றை வாங்கி, தொட்டியைக் கழற்றிவிட்டு, உத்திரமேரூர் அரவிந்தன் பட்டறையில் பெட்டியைப் பொருத்தினார்கள். பெட்டியின் படுக்கை முன்னால் நீட்டிக்கொண்டு கேபினை இடித்ததால், கட்டை கொடுத்து உயர்த்தி, கட்டையின் மேல் பெட்டியை உட்கார வைத்து போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். பொருத்தியவன் அந்தப் பட்டறை வெல்டர் ஜான்சன்.

முதல் பயணம் பெருநகர் கோயிலுக்கு. அப்பா லாரி ஓட்டினார். மகள் பெட்டிக்குள் இருந்தாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் பெட்டியின் பின்பக்கம் எகிறி, முன்பக்க போல்ட்டுகளைப் பிய்த்துக்கொண்டு கால்வாயில் விழுந்தது. அப்பாவுக்கு நெற்றியில் ஒரு காயம். மகள் போய்விட்டாள்.

அவர் கொடுத்த புகார் இது. ஜான்சன் என் பெண்ணைத் தொந்தரவு செய்துவந்தான். முந்தின நாள் சாயங்காலம் வீட்டு கேட் வரைக்கும் வந்தான், விரட்டினேன். அந்த ஆத்திரத்தில் நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறான். போலீஸ் அந்தப் பெண்ணின் போனைப் பார்த்தார்கள். அவள் கடைசியாகப் பேசியது ஜான்சனிடம். அத்தோடு கேஸ் முடிந்தது. மிச்சக் கதையை ஊரே எழுதிக்கொண்டது. காலனிக்காரன், கல்யாணமானவன், நிலபுலம் உள்ள வீட்டுப் பெண். டீக்கடையில் வேறென்ன வேண்டும்?

காஞ்சிபுரத்தில் கனகாக்காவும் நானும் நடத்துகிற துப்பறியும் ஆபீசுக்கு வருவதெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா என்கிற கேஸ்கள்தான். ஜான்சனின் மனைவி திலகா வந்தபோது நானே கொஞ்சம் தடுமாறினேன். “அவரு நட்ட லூசா வுட்டாரா இல்லியானு கண்டுபுடிங்க” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தப் பொண்ணு எதுக்கு இவருக்கு போன் பண்ணிச்சினும் கண்டுபுடிங்க” என்றாள். இரண்டாவது கேள்விக்குத்தான் அவள் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

ஜான்சனிடம் கேட்டாயிற்று. “நான் ஒயுங்காத்தான் முறுக்கினேன்” என்பதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் இன்ஸ்பெக்டர் அந்த போனைப் பற்றி அசிங்கமாக ஏதோ கேட்டிருக்கிறார். அன்றைக்கு மூடிய வாய். மறுநாள் காலையில் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

“சுகுமாரு, இங்க வா. இது இன்னா?”

“பச்சப்பயறு.”

“இது?”

“மொச்ச. அது நெல்லு. இது கொள்ளு மாதிரி கீது. யாரோ கோழித் தீவனத்த கொட்டிகிறாங்கக்கா.”

“கோழிக்கு எள்ளும் கொண்டக்கடலையும் எந்த ஊர்ல போடறாங்க?” அக்கா பேனாவை இடுக்கில் விட்டு நெம்பினாள். நசுங்கிய மஞ்சள் துணி ஒன்று முளைகளோடு வெளியே வந்தது. அதற்குள் சப்பையான செப்புத் தகடும் சில தானிய மணிகளும். “நவதானியம். முடிஞ்சி வெச்சிகிறாங்க.”

“லாரிக்கு எலுமிச்சம்பழம்தான வெப்பாங்க? அதுவும் டயருக்கு அடியில.”

“போல்ட்டப் பாரு மொதல்ல.”

ஜான்சனுக்கு ஒரு பழக்கம். முறுக்கி முடித்ததும் போல்ட்டுக்கும் நட்டுக்கும் சேர்த்து ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு இழுப்பான். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். பிய்ந்துபோன முன்பக்க போல்ட்டுகளில் நட்டு மேல் நட்டாக அப்படியே இருந்தது, கோடும் நேராக இருந்தது. பின்பக்க போல்ட்டுகள் இரண்டும் வளையாமல், உடையாமல் நின்றன. நட்டுதான் இல்லை. ஆனால் போல்ட் முனையில் மட்டும் பாதிக் கோடு இருந்தது.

“முறுக்காத நட்டுக்கு எவனாவது பெயிண்ட் அடிப்பானா?” என்றாள் அக்கா. “அவன் முறுக்கிகிறான். அப்புறம் யாரோ கயட்டிகிறாங்க. பின்னாடி மட்டும். பொட்டிக்குப் பின்னாடி இன்னா கீது?”

“கதவு.”

“கதவுக்கு அடியில நவதானியம் எப்ப வெப்பாங்க?”

வீடு கட்டாத ஆளுக்கும் தெரிந்த சங்கதி. “நெல வெக்கும்போது” என்றேன். “அக்கா, இவங்க லாரிக்கு வாசக்கா வெச்சிகிறாங்க!”

அரவிந்தன் பட்டறை பஸ் ஸ்டாண்டைத் தாண்டி இருந்தது. நாங்கள் போனபோது அவர் ஒரு டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வெளியே வர அவ்வளவு அவசரப்படவில்லை. நான் அதற்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். சுவரோரமாகச் சுத்தியல், ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் ஒரே கறுப்பாகக் கிடந்தன. ஒரு பெரிய ஜாக்கிக்கு மட்டும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

“ஆயுத பூஜ போயி நாளாச்சே அண்ணே” என்றேன். “இந்த ஜாக்கி மட்டும் இன்னா அப்படி புண்ணியம் பண்ணிச்சி?”

அரவிந்தன் எழுந்து உட்கார்ந்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“முத்துகிருஷ்ணன் அண்ணன் வந்து கேட்டாரு. ஜாக்கியும் ஸ்பேனரும். வண்டிய டெலிவரி எடுத்த மறுநாளு.”

“எதுக்குன்னு கேக்கலியா?” என்றாள் அக்கா.

“பெரிய எடம். இன்னா கேக்கறது? ஜான்சன அனுப்பட்டுமா, கூட இருந்து பாப்பான்னேன். வாணாம், இனிமே அந்தக் கை படக் கூடாதுன்னாரு.”

“எந்தக் கை?”

அரவிந்தன் காலனிக்குப் போகிற பாதையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பெட்டிக்கு வெல்டு அடிக்கிற வரைக்கும், ராத்திரியும் பகலுமாக அதற்கு அடியில் படுத்துக் கிடக்கிற வரைக்கும் அந்தக் கை ஒன்றும் செய்யவில்லை. பூஜை என்று வந்ததும் அது வேறு கையாகிவிட்டது.

“இத ஸ்டேஷன்ல சொன்னீங்களா?”

“யாரும் கேக்கலியேம்மா.”

“ஜான்சன் உங்ககிட்ட எப்பலேர்ந்து கீறாரு?”

“பட்டற போட்ட நாள்லேர்ந்து” என்றார் அரவிந்தன். அந்த மனிதரை அடிக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அடித்து என்ன பயன்? தான் வாய் திறக்காதது தப்பென்று அவருக்கே தெரிந்திருந்தது.

சாலவாக்கம் போகிற வழியெல்லாம் ஏரி நிரம்பி, நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டேன். “முடிச்ச வெச்சாரு சரி. திரும்ப முறுக்கியும் இருப்பாருல்ல? அப்புறம் எப்படிக்கா கயண்டுச்சி?”

“பொட்டி கட்ட மேல உக்காரணும். இது முடிச்சு மேல உக்காந்துச்சி. மேடு பள்ளமான ரோட்டுல குலுங்கக் குலுங்க முடிச்சு நசுங்கும். நசுங்கினா இடைவெளி வரும். ஆனா அதுக்கே நட்டு கயண்டு வுழாது. ஜான்சன் சும்மா வுடறவன் இல்ல. வேற எதுவோ கீது.”

முத்துகிருஷ்ணன் வீட்டு இரும்பு கேட்டை அவரே வந்து திறந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. ஆள் பாதியாகியிருந்தார். கூடத்தில் இளமதியின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. மலை ஒன்றின் மேல் நின்று, காற்றில் முடி பறக்கச் சிரிக்கிற படம். அவள் தானே எடுத்துக்கொண்டதாக இருக்க வேண்டும்.

“துக்க வூட்டுல வந்து இன்னா விசாரண?” என்றார்.

“நாங்க போலீஸ் இல்லீங்க. அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு போயிடறோம்.”

“அவகிட்ட இன்னா கேக்கப் போற?”

அதற்குள் அவர் மனைவி ஆண்டாளம்மாளே வந்துவிட்டாள். அழுது அழுது கண் சுருங்கிப் போயிருந்தது. அக்கா கைக்குட்டையைப் பிரித்து அந்த மஞ்சள் துணியைக் காட்டினாள். முத்துகிருஷ்ணன் ஒரு அடி முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டார்.

“நான் முடிஞ்சதுதான்” என்றாள் ஆண்டாளம்மாள். “வாசக்கா இல்லாத வூடு ஏதும்மா? என் பொண்ணு அதுலதான தூங்கப் போறா? அடியில ஒன்னும் வெக்காம எப்படி அனுப்பறது? பட்டறையில வெச்சா அந்தப் பையன் கைதான் வெக்கணும். அதான் வூட்டுக்கு வந்தப்புறம் நல்ல நேரம் பாத்து வெச்சோம். இவரே நட்டக் கயட்டினாரு, ஜாக்கியில தூக்கினாரு, நான் முடிச்ச வெச்சேன், இவரே முறுக்கினாரு. வேற ஒருத்தரயும் கிட்ட சேக்கல. ஒரு கொறையும் வெக்கலியேம்மா.”

“பூஜையில எதுனா மிச்சம் வந்திச்சாம்மா?”

“ரெண்டு நட்டு வந்திச்சி. பூஜையில பட்ட பொருளாச்சேனு சாமிகிட்ட வெச்சிகிறேன்.”

அவளே உள்ளே போய் ஒரு பித்தளைத் தட்டை எடுத்து வந்தாள். கனமான நட்டுகள் இரண்டு. மேலே குங்குமம். குங்குமத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட்.

“ஸ்பேர் குடுத்துகிறான், ஒரு நட்டு போதும்னு இவருதான் சொன்னாரு.”

ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஜான்சன் நட்டின் மேல் நட்டாக இரண்டு போட்டிருக்கிறான். கீழ் நட்டு பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். மேல் நட்டு கீழ் நட்டைக் கழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டாவது நட்டுதான் சாமி மாடத்தில் பூ வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

அக்கா தட்டைத் தொடவில்லை. “அம்மா, முந்தின நாளு சாயங்காலம் ஜான்சன் எதுக்கு இங்க வந்தாரு?”

“போதும்! எயுந்து போங்க!” என்று கத்தினார் முத்துகிருஷ்ணன்.

“எதுக்கு கத்தறீங்க? கேக்கட்டுமே” என்றாள் ஆண்டாளம்மாள். அவளுக்கு இன்னும் புரியவில்லை. “இளமதிதான் போன் பண்ணி கூப்ட்டா. அப்பா முறுக்கினது பத்தாது, ஜான்சன் அண்ணன் வந்து ஒரு வாட்டி பாக்கட்டும்னா. அவனும் வந்தான். பூஜ போட்ட வூட்டுல அவன் கை பட வாணாம்னு இவருதான் கேட்டோட திருப்பி அனுப்பிட்டாரு. இது போலீசுக்குத் தெரியுமேம்மா? இவரு சொல்லிருப்பாரே?”

அக்கா இந்த வேலையில் எத்தனையோ பேரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அன்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஜான்சன் உங்க பொண்ண தொந்தரவு பண்ணத்தான் வந்தான்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துகிறாரும்மா. நட்ட லூசா வுட்டதும் அவன்தான்னு. ஊர்ல அதுக்கு மேலயும் பேசிக்கினு கீறாங்க. உங்க பொண்ணப் பத்தி.”

ஆண்டாளம்மாள் தட்டில் இருந்த நட்டுகளைப் பார்த்தாள். பிறகு மஞ்சள் துணியைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கிக்கொண்டு வந்தது. கண் முன்னால் ஒரு மனுஷிக்கு அப்படி விளங்குவதைப் பார்க்கிற தண்டனை யாருக்கும் வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து புருஷனை ‘வாங்க, போங்க’ என்று பேசியவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“செத்த பொண்ணு மேலயா பழி போட்ட நீ?”

முத்துகிருஷ்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “நான் இன்னா பண்றது? நான் முறுக்கினதுன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ வெச்ச முடிச்சுன்னு எப்படிச் சொல்றது? அதுக்கு அவனே இருந்துட்டுப் போவட்டும்னு நெனச்சிட்டேன்.”

“செருப்ப மாட்டு” என்றாள் அவள். “ஸ்டேஷனுக்குப் போலாம்.”

பொழுது சாயும் நேரம். ஸ்டேஷன் பெஞ்சில் திலகா மதியத்திலிருந்தே உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் எதிரில் முத்துகிருஷ்ணன் நட்டைக் கழற்றியதையும் மாட்டியதையும் சொன்னார். கேட்டில் நடந்ததைச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். ஆண்டாளம்மாள் விடவில்லை. என் பொண்ணு அவன அண்ணேன்னுதான் கூப்புடுவா, எழுதிக்கோங்க, என்றாள். இவரு தொரத்தினாரு, அதையும் எழுதிக்கோங்க, என்றாள். இன்ஸ்பெக்டர் தலை நிமிராமல் எழுதினார். முதல் நாள் கேட்ட கேள்விகள் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும் என்று நம்புகிறேன். வந்ததாக முகத்தில் தெரியவில்லை.

ஜான்சனை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. திலகா அவன் எதிரில் போய் நின்றாள்.

“அண்ணன்னு கூப்ட்டுச்சின்னு எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?”

“சொன்னா நம்பிருப்பியா?”

திலகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நம்பியிருப்பேன் என்று அவள் சொல்லவில்லை. ஜான்சனும் அவள் சொல்வாள் என்று காத்திருக்கவில்லை.

எங்கள் வேலை முடிந்துவிட்டது. எனக்குக் கிளம்பிவிட வேண்டும் போலிருந்தது. அக்காதான் நின்றாள். புரியாத ஒன்றை வைத்துக்கொண்டு அவளால் தூங்க முடியாது.

“ஜான்சன், ஒன்னு மட்டும் சொல்லு. கேபின்ல அப்பா பக்கத்துல சீட்டு காலியாத்தான் இருந்திச்சி. பொண்ணு ஏன் பின்னாடி பொட்டியில ஏறிச்சி?”

ஜான்சன் முத்துகிருஷ்ணனைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்பது போல இருந்தது, இத்தனைக்குப் பிறகும்.

“பாப்பா கேட்டுக்கு உள்ள நின்னுக்கினு சொல்லிச்சிங்க. நீங்க போங்கண்ணே, அப்பா கேக்க மாட்டாரு. நான் பொட்டியிலயே உக்காந்து வர்றேன், கடகடன்னு சத்தம் வந்தா செவுத்தத் தட்டறேன், அப்பா வண்டிய நிறுத்திடுவாருன்னு.”

முத்துகிருஷ்ணன் மேஜையின் மேல் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தட்டிச்சி” என்றார். “பெருநகர் ரோட்டுல திரும்பும்போதே தட்ட ஆரம்பிச்சிச்சி. ஏரிக்கர வரைக்கும் தட்டிக்கினே வந்திச்சி. உள்ள பாத்திரம் உருளுதுன்னு நெனச்சேன்.”

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அதையும் எழுதிக்கோங்க” என்றாள் ஆண்டாளம்மாள்.